கோட்டை வாசலில் இருந்து நிலாவெளி வரை 12 பேர் நடை: வழி, நேரம், ஒழுங்கு

திருமலைச்செல்வி:
வணக்கம். ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் நண்பர்கள் 12 பேர் சேர்ந்து திருகோணமலை (திருமலை) பிரெட்ரிக் கோட்டை வாசலில் வெளிக்கிட்டு நிலாவெளி வரை நடக்க யோசிக்கிறம். வயது 22 தொடக்கம் 58 வரை. இரண்டு பேருக்கு நடந்து பழக்கமே இல்லை. ஏலுமான அளவுக்குக் கடற்கரையாலேயே போகவேணும் என்பதுதான் எல்லாருடைய விருப்பமும். எத்தனை மணிக்கு வெளிக்கிடுறது, எங்கே கடற்கரையில் இறங்கலாம், எங்கே வீதிக்கு ஏறவேணும், தண்ணீர் எவ்வளவு, பெண்கள் ஏழு பேருக்கும் கழிவறை வசதி எங்கே என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

சம்பந்தர்வீதி:
தங்கச்சி, முதலில் தூரத்தைச் சரியாகப் பிடியுங்கோ. நிலாவெளியால் போகிற புல்மோட்டை வீதியில் இன்றைக்கும் சனம் பழைய மைல் கட்டைக் கணக்கில்தான் இடம் சொல்லும். அலஸ்தோட்டம் 3ஆம் கட்டை, இறக்கக்கண்டி 11ஆம் கட்டை. ஒரு கட்டைக்கு 1.6 கிலோமீற்றர் என்று போட்டால் 3ஆம் கட்டை 4.8, 6ஆம் கட்டை 9.6, நிலாவெளி 9ஆம் கட்டை 14.4 கிலோமீற்றர். கோட்டை வாசலில் இருந்து நிலாவெளிப் பக்கம் திரும்புகிற துண்டையும் சேர்த்தால் 15ஐத் தாண்டும்.

பழக்கமில்லாத இரண்டு பேர் இருக்கிற குழு மணிக்கு 4 கிலோமீற்றருக்கு மேல் போகாது. அதற்குமேல் கணக்குப் போட்டால் கடைசி ஐந்து கிலோமீற்றரில் வெயில் உங்களைப் பிடித்துவிடும். நான் சொல்லுற நேரம் இது. 4.45க்குக் கோட்டை வாசலில் எல்லாரும் நிற்கவேணும், 5.00க்குக் கால் எடுத்து வைக்கவேணும். 3ஆம் கட்டைக்கு 6.20, அங்கே பத்து நிமிடம். 6ஆம் கட்டைக்கு 7.40, அங்கே கால் மணித்தியாலம். 9ஆம் கட்டைக்கு ஒன்பதே கால்.

ஜூனில் திருமலையில் சூரியன் 5.50 அளவில் எழும்பும். 5.25க்கே கண் தெரிகிற வெளிச்சம் வந்துவிடும். ஆக இருட்டில் நடக்கிற அரை மணித்தியாலமும் தெருவிளக்கும் நடைபாதையும் உள்ள நகரத்துக்குள்ளேயே முடிந்துபோகும். வெள்ளெண வெளிக்கிடுறதில் இருக்கிற பெரிய வசதி இதுதான். ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் கடைசித் துண்டு முழுவதும் பத்து மணி வெயிலில் போகும்.

இன்னொன்றும் இப்பவே சொல்லவேணும். கரையோர வீதி என்று பெயர் இருந்தாலும், வீதியில் நின்று கடலைக் காணுகிற இடம் குறைவு. வீதிக்கும் கடலுக்கும் நடுவில் வீடுகள், ஹோட்டல்கள், பனைகள். கடல் பார்க்கவேணும் என்றால் ஒழுங்கையால் இறங்கித்தான் பார்க்கவேணும். இதைத் தெரியாமல் வருகிறவர்கள் ஆறாம் கட்டையில் மனம் விட்டுப்போவார்கள்.

வாடிக்காரன்:
கடற்கரைக் கேள்விக்கு வாறன். "கரையைப் பிடித்துக்கொண்டு நேரே போனால் நிலாவெளி" என்று படத்தைப் பார்த்து நினைக்கிறவர்கள் நிறைய. போகேலாது. உப்புவெளிக் கடற்கரை வடக்கே போய் சல்லிக் களப்பு (உப்பங்கழி) கடலோடு சேருகிற வாயில் முடியும். அக்கரையில் சல்லி முத்துமாரியம்மன் கோயில் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கும், ஆனால் தண்ணீர் குறுக்கே ஓடும். வீதியால் சுற்றி வந்தால் அதே கோயிலுக்குச் சில கிலோமீற்றர். பன்னிரண்டு பேரையும் அந்த முனை வரை கூட்டிக்கொண்டு போய்த் திருப்பினால், வந்த மணலையே திரும்ப நடக்கவேணும். ஒரு மணித்தியாலம் வீண், காலும் போச்சு.

அதனால் இப்படிச் செய்யுங்கோ. உப்புவெளியில் ஹோட்டல் ஒழுங்கை ஒன்றால் இறங்கி ஒரு கிலோமீற்றர், கூடினால் ஒன்றரை, கரையால் நடந்து, களப்பு வாய்க்குக் கிட்டப் போக முன்னமே அலஸ்தோட்டம் பக்கம் வீதிக்கு ஏறிவிடுங்கோ. பிறகு யுத்த மயானம், சாம்பல்தீவுப் பாலம் எல்லாம் வீதியால். நிலாவெளிக்குள் போனபிறகு கடைசி ஒன்றரைக் கிலோமீற்றருக்குத் திரும்பவும் இறங்கலாம். அங்கே கரை அகலம், புறாத்தீவு கண்ணுக்கு நேரே தெரியும்.

காய்ந்த பொருபொரு மணலில் நடக்கிறதுக்கு வீதியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பலம் வேணும். அலை வந்து போன ஈர மணல் இறுக்கமாக இருக்கும், அதில்தான் நடக்கவேணும். ஆனால் அந்த ஈரக்கரை கடல் பக்கம் சரிந்திருக்கும். வடக்கே போகிறவருக்கு வலது கால் எந்நேரமும் பள்ளத்தில், இடது கால் மேட்டில். ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் அப்படிப் போனால் இடுப்பும் முழங்கால் வெளிப்பக்கமும் நோகத் தொடங்கும். அதுக்காகத்தான் தூரத்தைக் குறைக்கச் சொல்லுறன்.

விடிய நேரம் கரைவலை இழுக்கிறவர்கள் நிற்பார்கள். வலையின் இரண்டு கயிறும் இரண்டு இடத்தில் கரைக்கு வரும், இரண்டு பக்கமும் ஆட்கள் இழுப்பார்கள். இழுக்கிற கயிற்றைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது. அலை பின்வாங்கும்போது மணலில் கிடக்கிற கயிறு ஒரு விசையோடு இடுப்புயரத்துக்கு எழும்பும், ஈரக் கயிறு தோலை உரிக்கும். கடைசியாய் நின்று இழுக்கிறவருக்கும் பின்னால், கரைப்பக்கமாய்ச் சுற்றிப் போங்கோ. மீன் சேருகிற வலை மடி கரையேறுகிற நேரத்தில் அதைச் சுற்றி மொய்க்கவேண்டாம், அது அவர்களுக்கு வேலை நேரம். படம் எடுக்க விருப்பமெண்டால் முதலில் கேட்டுவிட்டு எடுங்கோ.

திருமலைச்செல்வி:
நன்றி அண்ணா. சல்லியில் தண்ணீர் குறைந்த நேரம் நடந்து கடக்கிறவர்கள் இருக்கினம் என்று கேள்விப்பட்டம். ஜூனில் ஏலாதோ?

வாடிக்காரன்:
மழை இல்லாத காலத்தில் மணல் திட்டு வாயை மூடிக் கிடந்தால் நடக்கலாம். திறந்திருந்தால் குழுவைக் கூட்டிக்கொண்டு இறங்கவேண்டாம். திருமலைப் பக்கம் கடல் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான், அதனால் "வற்றும் வரை காத்திருப்பம்" என்று நின்றும் பெரிய வித்தியாசம் வராது. தண்ணீர் முழங்காலளவு மாதிரித் தெரியும், நடுவில் ஓட்டம் அறுத்த பள்ளம் இருக்கும், ஓரம் கால் வைக்கச் சரியும். அந்தப் பள்ளம் கிழமைக்குக் கிழமை இடம் மாறும். போன மாதம் கடந்தவர் சொன்ன வழி இந்த மாதம் உதவாது. அன்றைக்கு விடிய அங்கே நிற்கிற மீனவரிடம் கேளுங்கோ, அவர் வேண்டாம் என்றால் அதோடு விடுங்கோ. கோயிலுக்குப் போகத்தான் வேணும் என்றால் சாம்பல்தீவு பக்கத்தால் ஓட்டோவில் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம்.

நிலாவெளி_ஓட்டோ:
வீதி ஓடுகிறவன் பக்கத்தில் இருந்து சில விசயம்.

நடக்கிறவர்கள் வலது பக்கத்தால் வாங்கோ, எதிரில் வாற வாகனம் கண்ணுக்குத் தெரியும். வடக்கே போகும்போது வலது பக்கம் என்றால் கடல் பக்கம். காலையில் சூரியனும் அந்தப் பக்கம்தான், மதில், மரங்களின் நிழல் எட்டு மணி வரை அந்த ஓரத்தில் விழும். ஆக இரண்டு வழியிலும் வலதுதான் நல்லது.

ஆனால் வலது பக்கம் நடந்தால் பாதுகாப்பு முடிந்தது என்று நினைக்கவேண்டாம். நிலாவெளி வீதியில் ஆபத்து முன்னுக்கு இருந்து வாறதைவிடப் பின்னுக்கு இருந்துதான் வரும். புல்மோட்டை பஸ் ஒன்று முன்னால் போற ஓட்டோவை முந்துகிறது என்று வையுங்கோ. முந்தும்போது அது வலது பாதிக்கு வரும், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால். எதிரில் ஒன்றும் வரவில்லை என்று இரண்டு பேர் சோடியாகக் கதைத்துக்கொண்டு நடக்கிற நேரம்தான் அது நடக்கும். கடைசியில் நடக்கிறவர் காதைப் பின்னுக்கு வைத்திருக்கவேணும். ஹோர்ன் கேட்டால் உடனே "ஓரம்" என்று கத்தவேணும், எல்லாரும் தார் விளிம்பை விட்டு இறங்கவேணும். காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒருத்தரும் நடக்கக்கூடாது.

கடல் பக்க ஒழுங்கைகளில் இருந்து மோட்டார் சைக்கிள், ஓட்டோ எல்லாம் இடதைப் பார்க்காமல் ஏறும். ஒழுங்கை வாய் வந்தால் நின்று பார்த்துக் கடவுங்கோ. வளைவு வந்தால் வெளிவளைவுப் பக்கத்துக்கு மாறுங்கோ, உள்வளைவில் நிற்கிற ஆள் சாரதிக்குக் கடைசி நேரம் வரை தெரியாது. பாலத்தில் படத்துக்கு நிற்கவேண்டாம், ஒற்றை வரிசையில் நேரே கடந்துவிடுங்கோ. விடியும் முன்னம் தார் சூட்டுக்கு மாடுகள் வீதியில் படுத்திருக்கும். அவைக்குக் கிட்டப் போகாமல் அகலமாய்ச் சுற்றுங்கோ, மாட்டுக்காக வெட்டுகிற வாகனம் உங்கள் பக்கம்தான் வரும்.

பாதசாரி:
12 பேர் ஒரே வரிசையில் நடந்தால் வரிசையின் நீளம் மட்டும் 20, 25 மீற்றர் வரும். ஒரு லொறிக்கு அதைக் கடந்துபோக இடம் போதாது, நடுவில் ஒதுங்க வழியும் இல்லை. ஆறு ஆறு பேராய்ப் பிரிந்து 100 மீற்றர் இடைவெளி விடுறதுதான் முறை. சோடிகளாக நடக்கிறதை அடியோடு மறக்கவேணும்.

சம்பந்தர்வீதி:
பாதசாரி அண்ணா சொல்லுறது பகலுக்குச் சரி. இருட்டில் பிரிந்தால் இரண்டு முன்னோடி, இரண்டு கடைசி ஆள், நாலு வெளிச்சம் வேணும், ஒரு குழுவுக்கு மற்றக் குழு எங்கே என்றும் தெரியாது. ஆகவே 3ஆம் கட்டை வரை ஒரே வரிசை, முன்னுக்கு வெள்ளை ரோச், பின்னுக்குச் சிவப்பு விளக்கு. 3ஆம் கட்டையில் ஆறு ஆறாய்ப் பிரியுங்கோ.

பிரித்தாலும் ஒழுங்கு ஒன்றுதான். முன்னோடிக்கு முன்னால் ஒருத்தரும் இல்லை, கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருத்தரும் இல்லை. நடந்து பழக்கமில்லாத இரண்டு பேரையும் முன்னோடிக்கு அடுத்ததாக விடுங்கோ, பின்னால் விடாதையுங்கோ. பின்னால் விட்டால் இடைவெளி கூடிக்கொண்டே போகும், அவர்கள் ஓடிப்பிடிக்கப் பார்ப்பார்கள், வேகமாய்ப் போனவர்கள் நின்று ஆறி இருக்க இவர்கள் வந்து சேர்ந்த உடனே எல்லாரும் எழும்பிவிடுவார்கள். ஆறுதல் தேவைப்பட்டவருக்கே ஆறுதல் கிடைக்காது. முன்னுக்கு விட்டால் குழுவின் வேகத்தை அவர்களே வைப்பார்கள். திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் ஒருத்தர் நின்று கடைசி ஆள் வரும் வரை கையால் வழி காட்டவேணும். விசில் மூன்று பேரிடம் இருந்தால் போதும்: ஒன்று ஊதினால் நில், இரண்டு என்றால் நட, மூன்று என்றால் உதவி வேணும்.

பாதசாரி:
ஏற்கிறேன். ஆனால் 3ஆம் கட்டையில் பிரிகிறபோது இரண்டாம் குழு ஐந்து நிமிடம் பிந்தி வெளிக்கிடவேண்டாம், 100 மீற்றர் என்றால் ஒன்றரை நிமிடம்தான். ஐந்து நிமிடம் என்று விட்டால் 300 மீற்றருக்கு மேல் போய்விடும், விசில் கேட்காது.

மருந்துப்பெட்டி:
நான் காலையும் தண்ணீரையும் பற்றி எழுதுறன்.

தண்ணீர் ஒரு ஆளுக்கு மணிக்கு அரை லீற்றர், வியர்வை கூடினவருக்கு முக்கால். நாலு மணித்தியாலத்துக்கு 2 தொடக்கம் 3 லீற்றர். 12 பேருக்கு 36 லீற்றர் வரை வரும். எல்லாவற்றையும் முதுகில் சுமக்கவேண்டாம். ஆளுக்கு ஒரு லீற்றர் கையில், மிச்சத்துக்கு 19 லீற்றர் போத்தல் இரண்டை ஓட்டோவில் ஏற்றி 3ஆம், 6ஆம் கட்டைகளில் நிற்கச் சொல்லுங்கோ.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போகிறதும் நல்லதில்லை. வியர்வையில் உப்புப் போகும், தண்ணீர் மட்டும் சேர்ந்தால் தலையிடியும் ஓங்காளமும் வரும். 6ஆம் கட்டையில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் குடியுங்கோ. ஒரு பைக்கற் ஒரு லீற்றருக்கு. அரை லீற்றர்ப் போத்தலில் முழுப் பைக்கற்றையும் கொட்டுறது பிழை. உப்புக் கூடி வயிறு பிரட்டும், தாகமும் தீராது. கரைத்ததை அன்றைக்கே முடியுங்கோ. செவ்விளநீர் நல்லது, அதோடு கொஞ்சம் உப்புப் போட்ட கச்சானும் (நிலக்கடலை) சாப்பிட்டால் சரி.

ஜூனில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) தரைப்பக்கம் இருந்து அடிக்கும், காய்ந்த சூடு. வியர்வை வந்த உடனே காய்ந்துபோகிறதால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும். தாகத்தை நம்பவேண்டாம், கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாலு மிடறு என்று முன்னோடி சொல்லவேணும்.

சப்பாத்துப் புதிசாய் வாங்கிப் போடவேண்டாம். மாதக்கணக்காய்ப் போட்டு நடந்ததாக இருக்கவேணும், பெருவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் வேணும். நடக்க நடக்கக் கால் வீங்கும். கொப்புளம் வாறது மணலாலும் ஈரத்தாலும். கடற்கரைத் துண்டை வெறுங்காலோடு அல்லது பாட்டாவோடு நடந்து, வீதிக்கு ஏறும் இடத்தில் நல்ல தண்ணீரால் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, காய்ந்த சொக்ஸ் போட்டுத்தான் சப்பாத்து மாட்டவேணும். உப்புத் தண்ணீரில் ஊறின தோல் மெத்தென்று இருக்கும், அதோடு இரண்டு மணல் துணிக்கை சேர்ந்தால் மூன்று கிலோமீற்றரில் தோல் கழன்றுவிடும். அதற்கென்று ஆளுக்கு ஒரு சின்னத் துவாயும் இரண்டாவது சோடி சொக்ஸும் கட்டாயம்.

குதியில் சூடு மாதிரி எரிஞ்சால் அதுதான் கொப்புளத்தின் தொடக்கம். அடுத்த கட்டை வரை பொறுக்காமல் அங்கேயே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கோ. மூலைகளை வட்டமாய் வெட்டி ஒட்டினால் சொக்ஸில் உரசிக் கழராது. வந்துவிட்ட கொப்புளத்தை உடைக்கவேண்டாம், மேலே பஞ்சு வைத்துச் சுற்றி ஒட்டுங்கோ.

தலைச்சுற்று, தசைப்பிடிப்பு, குளிர்ந்த வியர்வை என்றால் நிழலில் இருத்தி, காலை உயர்த்தி, ஜீவனி கொடுத்து அன்றைய நடையை அவருக்கு நிறுத்தவேணும், அரை மணித்தியாலத்தில் தேறினாலும்தான். கதை குழம்பினால், ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால், உடம்பு கொதித்தால் அது வேறு. 1990க்கு எடுங்கோ, அம்புலன்ஸ் இலவசம். எந்தக் கட்டைக்கும் எந்தக் கட்டைக்கும் இடையில் நிற்கிறீர்கள், கடல் பக்கமா தரைப் பக்கமா என்று சொல்லுங்கோ. அது வரும் வரை ஈரத்துணியால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கைக் குளிர்த்தி விசிறுங்கோ. மயங்கினவரின் வாயில் ஒன்றும் ஊற்றவேண்டாம்.

நாய் துரத்தினால் ஓடவேண்டாம், சேர்ந்து நின்று மெல்ல நகருங்கோ. கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். கீறல் சின்னது என்று விடக்கூடாது.

திருமலைச்செல்வி:
அக்கா, மிக்க நன்றி. கழிவறை விசயமும் சொல்லுங்கோ. பிறகு, கோணேசரைக் கும்பிட்டுவிட்டு வெளிக்கிட்டால் எப்படி? திரும்பி வாற வழியும் வேணும்.

மருந்துப்பெட்டி:
விடிய ஆறரைக்கு வீதியில் திறந்திருக்கிற கடைகள் குறைவு, அதனால் முதல் நாளே பேசி வைக்கவேணும். உப்புவெளியில் ஏதாவது ஒரு தங்குமிடத்தில் 12 பேருக்குப் பிளேன்ரீ சொல்லி, கழிவறை பாவிக்க அனுமதியும் கேட்டுவிடுங்கோ. ஏழு பெண்களுக்கு ஒரு கழிவறை என்றால் பத்து நிமிட ஓய்வு காணாது, இருபது நிமிடம் ஒதுக்குங்கோ. அதுக்கேற்ப சம்பந்தர்வீதி அண்ணாவின் நேரத்தில் மிச்சம் எல்லாம் பத்து நிமிடம் தள்ளும். கழிவறை இல்லை என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கிறது பெண்களிடம் அடிக்கடி நடக்கிறது, வெயிலில் விழுகிறதுக்கு அதுவும் ஒரு காரணம். அதனால்தான் இதை முதல் நாளே உறுதி செய்யச் சொல்லுறன்.

சம்பந்தர்வீதி:
கோயில் நடை முடிந்தபிறகு நல்லது. கோட்டை வாசலில் இருந்து மலைக்கு ஏற்றம், சப்பாத்துக் கழற்றி மாட்டவேணும், கூட்டமும் இருக்கும். ஐந்து மணிக்குக் கால் வைக்கிற திட்டம் அதிலேயே குலையும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, காவலரணையோ முகாமையோ படம் எடுக்கவேண்டாம். உள்ளே திரிகிற மான்களுக்குப் பொலித்தீனோடு தீனி போடவும் வேண்டாம்.

யுத்த மயானத்தில் பத்து நிமிடம் நில்லுங்கோ. 3ஆம் கட்டை தாண்டி ஒரு கிலோமீற்றர் அளவில் வலது பக்கம், நடக்கிற பக்கத்திலேயே வரும். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் அடக்கமான இடம். 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானங்கள் திருமலையைத் தாக்கினதைப் படித்த பிள்ளைகள் குழுவில் இருந்தால் அந்தக் கல் வரிசைகளுக்கு நடுவில் நின்று பார்க்கட்டும். உள்ளே சாப்பாடு, சத்தம் வேண்டாம்.

பாதசாரி:
திசையை மாற்றி யோசித்தீர்களா? விடிய வானில் நிலாவெளிக்குப் போய், அங்கிருந்து நகரத்துக்கு நடந்தால் முடிகிற இடத்தில் பஸ், ஆஸ்பத்திரி, சாப்பாடு, கோயில் எல்லாம் இருக்கும்.

நிலாவெளி_ஓட்டோ:
முடிகிற இடம் நல்லது, வழி கூடாது. தெற்கே வரும்போது வலது பக்கம் தரைப் பக்கமாகிவிடும். கடல் பக்க மர நிழல் வீதியின் மற்றக் கரையோடு நிற்கும், சூரியன் குறுக்கே நேரே உங்கள் மேல் விழும். அதோடு இருட்டுத் துண்டு தெருவிளக்குக் குறைந்த நிலாவெளியில் வரும், கடைசித் துண்டு எட்டரை மணிச் சந்தைச் சனத்துக்குள் வரும். வடக்கே போங்கோ. திரும்பி வர யோசிக்கவேண்டாம், புல்மோட்டை, குச்சவெளி, இறக்கக்கண்டி பஸ் எல்லாம் இந்த வீதியால்தான் நகரத்துக்கு வரும், கை காட்டினால் நிற்கும். 12 பேரும் ஒரே பஸ்ஸில் ஏறேலாமல் போகலாம், இரண்டாய்ப் பிரிந்து ஏறுங்கோ. ஓட்டோ என்றால் ஏற முன்னம் விலை பேசுங்கோ.

திருமலைச்செல்வி:
நிலாவெளியில் முடித்த உடனே வள்ளத்தில் புறாத்தீவுக்கும் போவம் என்று மூன்று பேர் சொல்லுகினம்.

வாடிக்காரன்:
அதே நாளில் வேண்டாம். அது 2003இல் தேசிய பூங்காவாக்கின இடம், நுழைவுச்சீட்டு எடுத்து வள்ளம் பிடித்துப் போகவேணும், பத்து மணிக்கு அங்கே நல்ல நெரிசல். 15 கிலோமீற்றர் நடந்த கால் தண்ணீருக்குள் இறங்கினதும் கெண்டைக்கால் பிடிக்கும். பவளப் பாறைக்கு மேல் கால் பிடித்தால் நிற்க இடமில்லை, நின்றால் பவளமும் உடையும். அடுத்த நாள் விடிய முதல் வள்ளத்தில் போனால் கடலும் அமைதி, தண்ணீரும் தெளிவு.

திருமலைச்செல்வி:
சரி. 4.45 கோட்டை வாசல், 5.00 வெளிக்கிடுறது. உப்புவெளியில் ஒன்றரைக் கிலோமீற்றர் கரையால், பிளேன்ரீயோடு இருபது நிமிடம், அதில் இருந்து வீதியால். 6ஆம் கட்டையில் ஜீவனி, நிலாவெளியில் கடைசித் துண்டு கரையால். ஒன்பதரைக்கு முடிவு. ஓட்டோ ஒன்று தண்ணீரோடு. கடைசி ஆளாய் எங்களில் நல்லாய் நடக்கிற தம்பியை விடுறம். ஏதும் பிழை இருக்கோ?

சம்பந்தர்வீதி:
இரண்டு இடம். கரைத்துண்டுக்கு மணிக்கு மூன்று கிலோமீற்றர் என்று போடுங்கோ. கால் கழுவி சப்பாத்து மாட்டவும் 12 பேருக்குப் பத்து நிமிடம் போகும். அப்போது முடிவு ஒன்பதே முக்காலுக்கு வரும். அதைக் குறைக்கவேணும் என்றால் 4.40க்கே வெளிக்கிடுங்கோ, வேகத்தைக் கூட்டவேண்டாம்.

மற்றது, கடைசி ஆள் வேகமாய் நடக்கிற தம்பியாய் இருந்தால் அலுத்துப்போய் முன்னுக்கு வந்து கதைக்கத் தொடங்குவார். பொறுமையான, குரல் பெரிய ஆளை விடுங்கோ. பிளாஸ்டர், துவாய், ஒரு லீற்றர் மேலதிகத் தண்ணீர், ஓட்டோக்காரரின் நம்பர் அவரிடமே இருக்கவேணும், ஏனென்றால் கால் நொந்து நிற்கிறவர் எப்போதும் அவருக்குக் கிட்டத்தான் நிற்பார்.

திருமலைச்செல்வி:
4.40 என்று எல்லாருக்கும் அனுப்பியாச்சு. கடைசி ஆள் 58 வயது மாமா, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி படிப்பித்தவர், விசிலும் அவரிடம் இருக்கு.